மண்புழுவா, நத்தையா, வண்ணத்துப்பூச்சியா?

முதுகெலும்பில்லாத உயிரினங்களை நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்லித் தருவது? என் வகுப்பில் எல்லா வழியையும் பார்த்துவிட்டேன். இப்போது மண்புழு ஜாடிதான்.

படஅட்டையும் காணொளியும் ஆக்டோபஸ், ஜெல்லிமீன், நட்சத்திர மீனுக்குச் சரி. வேறு வழியும் இல்லை. ஆனால் அட்டையில் எறும்பும் நண்டும் ஒரே அளவு. எலும்பு இல்லை என்பது தொட்டால்தான் புரியும்.

வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு மனதை அள்ளும். கூட்டிலிருந்து வெளியே வந்து சிறகு விரிப்பதைப் பார்த்த பிள்ளை அதைச் சுலபத்தில் மறக்காது. ஆனால் அது கற்றுத் தருவது உருமாற்றத்தை. பல புழுக்கள் தமக்குரிய ஓரிரு செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தொடாது. தினமும் புது இலை வேண்டும். சனி, ஞாயிறு யார் போடுவது?

நத்தைதான் உண்மையான போட்டி. ஈரம் குறைந்தால் ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் மூடிக்கொண்டு உறங்கிவிடும், அதனால் விடுமுறையைத் தாங்கும். மற்ற நாட்களில்தான் வேலை. பெட்டியெல்லாம் சளி, மீந்த இலை அழுகும், மூடி சற்று விலகினால் வெளியே போய்விடும். ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேலும் இடும். அதை வளர்க்கவும் கூடாது, வெளியே விடவும் கூடாது. சில நத்தைகளில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிப் புழுவும் இருக்கலாம். இன்னொன்று, ஓட்டைத் தொட்டதும் பிள்ளைகள் "எலும்பு இருக்கே!" என்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது நல்ல கேள்வி, சின்னவர்களுக்குக் குழப்பம்.

மண்புழுவுக்கு என் ஓட்டு பராமரிப்பை வைத்துத்தான். கண்ணாடி ஜாடியில் ஈரமண், மணல், மறுபடி மண் என்று அடுக்கி, மேலே காய்ந்த இலைகளைப் போட்டு, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டி நிழலில் வைத்தால் போதும். தோல் வழியே மூச்சுவிடுவதால் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. விரலால் தொட்டுப் பார்த்து வெள்ளிக்கிழமை கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் திங்கள்கிழமை வரை கவலையில்லை. நீண்ட விடுமுறை வந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.  சில வாரங்களில் அடுக்குகள் கலந்திருப்பதைத் தாளை விலக்கினால் பார்க்கலாம்.

பாடமும் கையிலேயே இருக்கிறது. முதலில் பிள்ளைகள் தங்கள் முதுகின் நடுவே விரலை ஓட்டி முடிச்சு முடிச்சாய் எலும்பைத் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் கையை நனைத்துக்கொண்டு புழுவைத் தொடட்டும். அது குறுகிப் பருத்து, நீண்டு மெலிந்து நகரும். சில நொடி மட்டும் காகிதத்தில் விட்டுக் காதை வைத்தால், அடிப்பக்க முட்கள் உரசும் மெல்லிய சரசரப்புக் கேட்கும்.

டார்வின் தன் புழுக்களுக்குப் பியானோ இசையைக் கேட்கவைத்துப் பார்த்தார், அவை கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது, அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடின. வகுப்பில் இதையே கத்திப் பார்த்தும் மேசையைத் தட்டியும் செய்யலாம்.

எருவில் கிடைக்கும் சிவப்புப் புழுக்களை நான் ஜாடியில் வைத்ததில்லை. அவை மேல்மட்டத்திலேயே இருப்பவை என்பதால் அடுக்குகள் அவ்வளவாகக் கலக்காது என்று நினைக்கிறேன். அருவருப்புப்படும் பிள்ளையைத் தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பார்த்தாலே போதும். எதைத் தொட்டாலும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மண்புழுவுக்குக் கால் கிடையாது. கால் எண்ணும் பாடத்துக்குப் பூதக்கண்ணாடியோடு வெளியே கூட்டிப்போங்கள்: எறும்புக்கு 6, சிலந்திக்கு 8.