எல்க் வேட்டைக்கு எந்த ஊதல்? அமுக்குவதா, கடிப்பதா, வாய்க்குள் வைப்பதா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வில்லோடு எல்க் வேட்டைக்குப் போகிறவர் ஒரே ஒரு ஊதல்தான் வாங்குவார் என்றால், அது வாய்க்குள் வைக்கும் டயாபிரமாக இருக்கட்டும். பழக இரண்டு மாதம் ஆகும், முதல் வாரம் குமட்டும், ஆனாலும் அதுதான். இரண்டாவதாக ஒன்று வாங்கினால் கடித்து ஊதும் திறந்த ரீடு (ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடு). ஆண் எல்க்கின் முழக்கத்தை எழுப்பும் பெரிய பியூகிள் குழலுக்கு மூன்றாவது இடம். கொலராடோவில் நான் போகும் காட்டில் புதியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்க்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடமானின் சாயல்தான், உருவம் இன்னும் பெரிது. ராக்கி மலைப் பக்கத்தில் வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். கொம்பு மட்டுமே 15 கிலோ வரை கனக்கும். (ஆணைக் கிடா என்றும் பெண்ணைப் பிணை என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.) அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் இருக்கும் மாநிலம் கொலராடோ. அங்கே வில் வேட்டைக்கு ஏறக்குறைய செப்டம்பர் முழுக்க அனுமதி உண்டு. எல்க் இணைசேரும் பருவமும் அதே மாதம்தான். அம்பு பிசகாமல் தைக்க விலங்கு 30, 40 கஜத்துக்குள் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டே நாம் ஊர்ந்து போவதைவிட அதை வரவழைப்பது நடக்கிற காரியம். நம் எயினர்கள் பார்வை மானைக் கட்டிவைத்து மற்ற மான்களை வரவழைத்தார்கள் என்று பழம்பாடல்களில் படித்திருக்கிறோம். இங்கே மானுக்குப் பதில் குரலைக் கட்டிவைக்கிறோம்.

கிடாவின் குரலுக்குப் பியூகிள் என்று பெயர். அடித்தொண்டையில் தொடங்கி, மளமளவென்று ஏறி, காதைத் துளைக்கும் சீழ்க்கையாக நின்று, கடைசியில் நாலைந்து உறுமலாக விழும். இத்தனை பெரிய உடம்பிலிருந்து இப்படி ஒரு கீச்சுக் குரல் எப்படி வருகிறது என்பதற்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கம் சொன்னது. குரல்நாண் அதிர்வும் சீழ்க்கையும் ஒரே நேரத்தில் இரண்டு தனி ஒலிகளாக வருகின்றனவாம். மேல் ஒலி 4,000 ஹெர்ட்ஸ் வரை போகும். பிணையின் குரல் வேறு. ‘மியூ’ என்று மூக்கால் வரும் சின்ன ஒலி, மேலே தொடங்கிச் சரிந்து இறங்கும். கன்று அதையே இன்னும் மெலிதாகவும் குட்டையாகவும் சொல்லும். கடையில் தொங்கும் எல்லா ஊதல்களும் இந்த மூன்றைத்தான் நகல் எடுக்கின்றன.

அமுக்கு ஊதலில் தொடங்கலாம், எல்லாரும் தொடங்குவது அங்கேதான். சின்ன ரப்பர் துருத்தி, முனையில் ஒரு ரீடு. அமுக்கினால் மியூ. பத்து வயதுப் பிள்ளை அமுக்கினாலும் சரியாகவே ஒலிக்கும், எச்சில் படாது, பனியில் உறையாது. குறை என்னவென்றால் அதற்குத் தெரிந்தது ஒரே சுருதி. அதைவிடப் பெரிய குறை, அதற்கு ஒரு கை வேண்டும்.

என் முதல் செப்டம்பரில் என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். ஒயிட் ரிவர் தேசிய வனத்தில், பத்தாயிரம் அடிக்குக் கொஞ்சம் கீழே, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு முறை அமுக்கினேன். இருபது நிமிடம் கழித்து ஒரு கிடா சத்தமே இல்லாமல் வந்தது. முதலில் வந்து சேர்ந்தது ஆட்டுப்பட்டி போன்ற நெடி. அப்புறம் கொம்பு. அப்புறம் வயிற்றில் ஒட்டிய சேறு; எங்கேயோ புரண்டுவிட்டு நேராக வந்திருக்கிறது, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. 25 கஜம். வில்லை இழுத்துவிட்டேன். அது நிற்கவில்லை. அதே நிதான நடையில் இரண்டு மரங்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கடந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன மியூ கொடுத்திருந்தால் நின்று திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் இடது கையில் வில், வலது கை நாணில், ஊதல் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. நடக்கிற விலங்கின் மேல் நான் அம்பு விடுவதில்லை. இடம் தவறித் தைத்தால் அது எங்கோ புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும். கிடா போய்விட்டது. நாணைத் தளர்த்தினேன், கை நடுங்குவது நிற்க வெகுநேரம் ஆனது.

அந்தக் குளிர்காலத்தில்தான் டயாபிரம் வாங்கினேன். குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய உலோகச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய லேடெக்ஸ் சவ்வு, சுற்றிலும் துணிநாடா. திறந்த பக்கம் முன்பற்களைப் பார்க்கும்படி மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நாக்கின் நடுப்பகுதியால் அழுத்தி, ‘ஸ்ஸ்’ என்று காற்றை விட வேண்டும். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும், தாடையைத் தாழ்த்தினால் இறங்கும். அந்த இறக்கம்தான் மியூ. முதல் நாள் ரப்பர் வாடையும் குமட்டலும்தான் மிச்சம். ஒரு வாரத்தில் வெறும் கிறீச்சொலி வரும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் பதினைந்து நிமிடம் என்று விடாமல் ஊதினால், இரண்டாவது மாதத்தில் ஒருநாள் திடீரென்று பிணையின் குரல் வந்துவிடும். நாடா அகலமாக இருந்து அண்ணத்தில் உட்காராவிட்டால், கத்தரிக்கோலால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிக்கொள்ளலாம். சவ்வை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

ஒற்றைச் சவ்வு உள்ளது மெல்லிய பிணைக்குரலுக்கு ஏற்றது, குறைந்த காற்றில் பேசும். இரண்டு மூன்று சவ்வு உள்ளவை கரகரப்பாக, உரக்க வரும். பியூகிளுக்கு அவை தோது, ஆனால் நெஞ்சில் காற்று வேண்டும். புதியவர் ஒற்றைச் சவ்வில் தொடங்குவதே நல்லது. பெரும் லாபம் என்னவென்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். வில்லை முழுக்க இழுத்த நிலையிலேயே ஒரு மியூ கொடுத்துக் கிடாவை நிறுத்தலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, ஒலியின் தரத்தை மட்டும் பார்த்தால்? அங்கே திறந்த ரீடுதான் ஜெயிக்கிறது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டையான ஒரு பலகை, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ரீடு. பல்லாலோ உதட்டாலோ ரீடை அழுத்தி ஊத வேண்டும். அழுத்தும் இடத்தை ஒரு நூல் தள்ளினால் கன்று, இந்தப் பக்கம் இழுத்தால் கிழட்டுப் பிணை. நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டிலேயே வைத்துக் குரலை வளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூச்சின் ஈரமும் தயக்கமும் அந்த ஒலியில் இருக்கும். டயாபிரத்தில் எனக்கு அவ்வளவு மென்மை இன்னும் கைவரவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்பது இன்னொரு வசதி. உறைபனிக் காலையில் மட்டும் எச்சில் ரீடில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கும் ஒரு கை வேண்டும் என்பதால், கிடா தூரத்தில் இருக்கும்வரை இது, கிட்டே வந்துவிட்டால் டயாபிரம் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

பியூகிள் குழல் தானாக ஒலிக்காது. அது ஒரு பெருக்கி. டயாபிரத்தை வாயில் வைத்து இதற்குள் ஊதினால் கிடாவின் நெஞ்சுக் கார்வை வருகிறது. டயாபிரம் பழகாதவர்களுக்காக, வாய்முனையிலேயே ரப்பர்ச் சவ்வு பூட்டிய குழல்களும் உண்டு. அவற்றில் சுமாரான பியூகிள் முதல் நாளே வந்துவிடும். மின்னணு ஒலிப்பெட்டி பற்றிக் கேட்பார்கள். மொன்டானா, ஐடஹோ உள்ளிட்ட பல மாநிலங்களில் எல்க்குக்கு அது சட்டவிரோதம். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

கிடாவாக அழைப்பதா, பிணையாக அழைப்பதா?

உண்மையான போட்டி இங்கேதான். மலை அதிரும்படி ஒரு பியூகிள் விட்டால் எதிர்மலையிலிருந்து பதில் வரும். அந்தச் சிலிர்ப்புக்காகவே பலர் நாள் முழுக்க ஊதுகிறார்கள். ஆனால் பதில் வருவது வேறு, கிடா வருவது வேறு. பத்துப் பதினைந்து பிணைகளைச் சேர்த்து வைத்திருக்கும் மந்தைக் கிடாவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 400 கஜத்துக்கு அப்பால் இன்னொரு கிடா முழங்குகிறது. சண்டைக்கு ஓடினால், அந்த நேரத்தில் பிணைகளை வேறொன்று ஓட்டிக்கொண்டு போய்விடும். அதனால் அது பதிலுக்கு முழங்கிக்கொண்டே மந்தையை மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நம் ஊதலே அதை விரட்டிவிடுகிறது. அனுமதி வாங்கிய எவரும் நுழையக்கூடிய பொதுக்காட்டில், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வேட்டைக்காரர் ஊதிக்கொண்டிருக்கும்போது, இது இன்னும் அதிகம்.

அதே மந்தைக் கிடாவை, காற்று நம் முகத்தில் அடிக்க, 100 கஜத்துக்குள் ஓசையில்லாமல் நெருங்கிவிட்டு ஒரு பியூகிள் விட்டால் கதையே வேறு. எதிரி வாசலுக்கே வந்துவிட்டான். இப்போது மந்தையைத் தள்ளிக்கொண்டு போக நேரமில்லை. கண் சிவக்க நேராக வரும். ஆகவே பியூகிளுக்கு நான் இரண்டே வேலை வைத்திருக்கிறேன். விடியும் நேரத்தில் மேட்டிலிருந்து ஒரே ஒரு முறை ஊதி, கிடா எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு நடப்பது. கடைசியில், மிகக் கிட்டே, தேவைப்பட்டால் மட்டும் இன்னொன்று.

பிணைக்குரல் யாரையும் பயமுறுத்துவதில்லை. மந்தைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் இளம் கிடாக்களுக்குத் தனியாக ஒரு பிணை கூப்பிடுகிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? பெரும்பாலும் சத்தம் போடாமலே வந்து நிற்கும், என் முதல் கிடா வந்த மாதிரி. அதனால் ஊதிவிட்டுக் குறைந்தது அரைமணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. இணைசேரத் தயாராக நிற்கும் பிணையின் நீண்ட, கெஞ்சும் குரலை எல்லா ஊதல் பெட்டிகளிலும் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். ஒரு பிணை அந்த நிலையில் இருப்பது ஒரு நாளுக்கும் குறைவு. மாதம் முழுக்க, ஒவ்வொரு தோப்பிலும், காலை முதல் மாலை வரை அந்தக் கெஞ்சல் கேட்டால் எல்க் ஏமாறாது. சாதாரண மியூ, நடுவே ஒரு கன்றுக்குரல், காலடியில் ஒரு சுள்ளி முறிகிற சத்தம்: மந்தை இப்படித்தான் ஒலிக்கும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மெல்லிய பிணைக்குரலும், குச்சியால் மரப்பட்டையைத் தேய்த்துக் கிடா கொம்பு உரசுவதுபோல் காட்டுவதும் நன்றாக எடுபடும். 20ஆம் தேதியை ஒட்டி, பருவம் உச்சத்துக்கு வரும்போது, கிட்டே போய் விடும் பியூகிளுக்கு அர்த்தம் உண்டு. அக்டோபர் நடுவில் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது கிடாக்கள் களைத்து ஒதுங்கத் தொடங்கிவிடும். அப்போது ஊதலுக்கு அதிக வேலை இல்லை, மிரண்டு ஓடும் மந்தையை ஒரு நொடி நிறுத்தப் பிணைக்குரல் உதவும்.

இரண்டு பேராகப் போனால் ஊதுகிறவர் வில்லாளிக்கு ஐம்பது அறுபது கஜம் பின்னால் இருக்க வேண்டும். குரல் வந்த இடத்தில் பிணை தெரிகிறதா என்று பார்க்கத்தான் கிடா வருகிறது. தெரிய வேண்டிய தூரத்தில் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்கும் இடம் வில்லாளிக்கு எதிரில் அமையட்டும். தனியாகப் போகிறவர் ஒரு மேட்டுக்கோ அடர்ந்த புதருக்கோ பின்னால் இருந்து ஊதலாம். மேட்டைத் தாண்டினால்தான் பிணை தெரியும் என்று கிடா நினைக்கும்; தாண்டியதும் அம்பு தொடும் தூரத்தில் இருக்கும்.

டயாபிரம் எல்லாருக்கும் ஒத்துவராது. பொய்ப்பல் கட்டியவர்கள், குமட்டல் நிற்கவே நிற்காதவர்கள் உண்டு. அவர்கள் திறந்த ரீடை முதல் ஊதலாக வைத்துக்கொண்டு, வில்லை இழுத்தபின் கிடாவை நிறுத்த வெறும் வாயாலேயே ‘மியா’ என்று சொல்லிப் பழகட்டும். அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, நின்று பார்த்தால் போதும். டயாபிரம் வாங்குகிறவர்கள் ஒரே அளவில் இரண்டு மூன்றாக வாங்குங்கள். சவ்வுகளுக்கு நடுவே பல்குச்சி ஒன்றைச் செருகி, வெயில் படாமல், பருவம் முடிந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். என்னுடையவை இப்போது வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஜூலையில் எடுக்க வேண்டும்.