ஏதென்ஸ் அட்டலோஸ் ஸ்டோவா மியூசியம், கட்டாயம் போங்க

ஏதென்ஸ் போறவங்க நிறைய பேர் அக்ரோபோலிஸ் குன்று ஏறி இறங்கினதும் களைச்சுப் போய் ரூமுக்குத் திரும்பிடறாங்க, கீழ பழைய அகோராவுக்குள்ளயே (அந்தக் காலத்து சந்தைத் திடல்) இருக்கற இந்த மியூசியத்தை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. தனி டிக்கெட் வேணாம், அகோரா டிக்கெட்லயே வந்துடும். ஸ்டோவான்னா தூண் வரிசை வச்ச நீள மண்டபம், இது 115 மீட்டர் நீளத்துக்கு ரெண்டு மாடி, வரிசையா பளிங்குத் தூண், வெயில் காலத்துல உள்ள நுழைஞ்சாலே உடம்பு குளுந்துரும்.

ஆனா போறதுக்கு முன்னாடி அட்டலோஸ் யாருன்னு தெரிஞ்சுட்டு போங்க. அந்தப் பேர்ல பெர்கமோன்ல (இப்ப துருக்கி) மூணு ராஜா. முதலாமவர் கலாத்தியர்கள்ங்கற கெல்ட் இனத்தாரை ஜெயிச்சவர், மூணாமவர் கிமு 133ல சாகும்போது நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வச்சிட்டார். இந்த மண்டபத்தை ஏதென்ஸுக்கு பரிசா கட்டிக் குடுத்தது நடுவுல வந்த ரெண்டாம் அட்டலோஸ், எனக்கு ரொம்பப் பிடிச்சவர் இவர்தான். கிமு 172ல ராஜாவா இருந்த அண்ணன் யூமெனெஸை கிரேக்கத்துல டெல்ஃபி பக்கத்துல கல்லை உருட்டிவிட்டுக் கொல்லப் பாத்தாங்க, செத்துட்டார்னே சேதி வந்து தம்பி ராஜ்யத்தையும் அண்ணியையும் ஏத்துக்கிட்டார்னு பழைய ஆசிரியர்கள் எழுதறாங்க, அப்புறம் அண்ணன் உயிரோட வந்து நிக்க தம்பி ஒரு வார்த்தை பேசாம எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டார், அண்ணனும் மன்னிச்சிட்டார். கிமு 159ல அண்ணன் நிஜமாவே போனப்புறம்தான் இவர் ராஜா, தனக்கப்புறம் பட்டத்தை அண்ணன் மகனுக்கே விட்டார். அதிகாரம் கையில வந்தப்புறம் இப்படி விட்டுக்குடுத்தவங்க சரித்திரத்துல எத்தனை பேர் சொல்லுங்க? துருக்கில இருக்கற அன்டால்யா ஊரும் இவர் பேர்லதான் உண்டாச்சு.

இப்ப நிக்கறது பழைய கட்டடம் இல்ல. கிபி 267ல ஹெருலியர்ங்கற ஜெர்மானிய இனத்தாரோட படையெடுப்புல அது அழிஞ்சுபோச்சு, வடக்கு மூலை மட்டும் கூரை உயரத்துக்கு தப்பிச்சது, அதை அளந்து வச்சுதான் அமெரிக்க தொல்லியல் பள்ளிக்காரங்க அமெரிக்க கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்துல 1953-56ல திரும்பக் கட்டினாங்க. பழசை இப்படிப் புதுசாக் கட்டலாமான்னு சிலர் கேப்பாங்க, என்னைக் கேட்டா கட்டினது நல்லதுதான், ஏன்னா கிரேக்க ஸ்டோவா ஒண்ணுக்குள்ள முழுசா நடந்து பாக்கற அனுபவத்தை இடிபாடு எதுவும் தராது.

உள்ள மியூசியத்துல ஓட்டாஞ்சில்லுகளைத் தேடிப் பாருங்க, தெமிஸ்டோக்ளிஸ், அரிஸ்டைடிஸ்னு பெரிய தலைவர்கள் பேரைக் கீறி ஊரைவிட்டு அனுப்ப மக்கள் போட்ட வாக்கு அது. அவசரமாப் போகாதீங்க, ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க, மாடிக்கும் ஏறிப் பாருங்க.