வீடியோ பேபி மானிட்டர்: தண்டையார்பேட்டை வீட்டுக்கு அது எதற்கு?

குழந்தை தூங்கும் இடத்துக்கும் தாய் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவில் எத்தனை சுவர்கள், எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்க்காமல், தூங்கும் குழந்தையை வேறு இடத்திலிருந்து திரையில் பார்க்க உதவும் வீடியோ பேபி மானிட்டர் வாங்கலாமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லிவிட முடியாது. வடசென்னையின் பெரும்பாலான வீடுகளில் அந்த எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் முன்கூடம், நடு அறை, சமையலறை என்று ரயில்பெட்டிபோல் நீளும் வீடுகளில், குழந்தை சிணுங்கினாலே அடுத்த வீட்டு ஆயா எட்டிப் பார்ப்பார். அத்தகைய வீட்டுக்கு இந்தக் கருவி வெறும் அலங்காரப் பொருள். ஆனால் எல்லா வீடுகளும் அப்படியில்லை. கீழே கடை, மேலே குடும்பம், அதற்கும் மேலே பின்னாளில் கட்டிய ஓர் அறை என்று மாடி மேல் மாடியாக எழும்பிய வீடுகள் தண்டையார்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் தங்கையின் வீடு அப்படிப்பட்டது. தரைத்தளத்தில் அவளுடைய தையல் கடை, முதல் மாடியில் கூடமும் சமையலறையும், இரண்டாம் மாடியில் படுக்கையறை. இந்த மதிப்புரை அந்த வீட்டில் பயன்படுத்திய இரு கருவிகளைப் பற்றியது. வைஃபை கேமராவை மட்டும் கொளத்தூரில் ஒரு தோழியின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வைத்துப் பார்த்தோம்.

குழந்தையை வேறு அறையில் தனியே தூங்க வைக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் பிறந்த கருவி இது. 1937இல் அமெரிக்காவின் ஜெனித் வானொலி நிறுவனம் ‘ரேடியோ நர்ஸ்’ என்ற பெயரில் ஒலியை மட்டும் கடத்தும் கருவியை வெளியிட்டது. அதன் வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. விமானி லிண்ட்பர்க்கின் குழந்தை 1932இல் கடத்திக் கொல்லப்பட்ட பிறகு அந்நாட்டுப் பெற்றோரிடம் பரவிய அச்சமே அதற்குத் தூண்டுதல். நம் வீடுகளில் குழந்தை தாயின் பக்கத்தில் படுப்பதால், இரவுக் காவலுக்கு இக்கருவி தேவைப்படுவதில்லை. பகல் தூக்கத்தின்போது, தாய் வேறு தளத்தில் வேலையாக இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் அது தேவைப்படுகிறது. விளம்பரங்கள் காட்டுவதோ இரவைத்தான்.

சந்தையில் இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது, கேமராவும் அதற்கென்றே ஒரு கையடக்கத் திரையும் சேர்ந்து வருவது. இணையம் வேண்டாம், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இரண்டாவது, வைஃபையில் இணைந்து கைப்பேசிச் செயலியில் படம் காட்டும் சாதாரண வீட்டுக் கேமரா. முதல் வகை நம் ஊரில் பெரும்பாலும் 7,000 ரூபாய்க்கு மேல்தான் கிடைக்கிறது. இரண்டாவது 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. விலை கூடியது நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். அவை இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கானவை.

தனித்திரை வகையின் அட்டைப் பெட்டியில் 300 மீட்டர் வரை எட்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். அது திறந்த வெளிக்கான கணக்கு. முக்கால் அடி செங்கல் சுவரையும் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் கடக்கும்போது அந்த அலை பெரிதும் தேய்ந்துவிடுகிறது. இரண்டாம் மாடியில் வைத்த கேமராவின் படம் முதல் மாடிச் சமையலறையில் தெளிவாகவே வந்தது. தரைத்தளக் கடையில் தையல் இயந்திரத்துக்கு அருகே வைத்தபோது படம் உறைந்து நின்று, தொடர்பு அறுந்ததாகத் திரை பீப் ஒலி எழுப்பியது; படிக்கட்டின் திறப்புக்கு நேராக நகர்த்திய பிறகே சரியானது. வாங்குபவர்கள் திரையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் முடிவெடுப்பது நல்லது. இன்னொன்று, திரைக்கு உள்ளே பேட்டரி இருக்கிறது, கேமராவுக்கு இல்லை. கோடையில் மின்சாரம் போனால் கேமரா அணைந்துவிடும், திரை மட்டும் கையில் விழித்துக்கொண்டிருக்கும். எங்கள் கேமரா யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுப்பது என்பதால் ஒரு பவர் பேங்கோடு இணைத்துச் சமாளித்தோம். வாங்கும்போது இந்த ஒரு விவரத்தை மட்டுமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த விற்பனைப் பக்கத்திலும் சொல்லாத சிக்கல் தூளி. தட்டையான மெத்தையும் நான்கு பக்கமும் கம்பியும் உள்ள கட்டிலை மனத்தில் வைத்து உருவாக்கிய கேமரா, கொக்கியில் தொங்கும் சேலையின் முன்னால் செயலற்றுப் போகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் துணி மட்டுமே தெரியும்; மேலிருந்து பார்க்கலாம் என்றால், துணியை அகட்டிப் பிடிக்கும் கட்டை இல்லாத தூளியின் வாய் மூடிக்கொள்ளும். கட்டை போட்டுத் தூளியை விரித்து, சுவரின் உயரத்தில் கேமராவைப் பொருத்தினால் குழந்தையின் முகம் ஓரளவு தெரிகிறது. ஆனால் தூளி ஆடும் ஒவ்வொரு முறையும் ‘அசைவு கண்டறியப்பட்டது’ என்ற எச்சரிக்கை வருகிறது. ஆட்டுவதை நிறுத்தினாலும் மின்விசிறிக் காற்றில் சேலையின் தலைப்பு அசைவதைப் பார்த்து மறுபடியும் எச்சரிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் என் தங்கை அந்த வசதியையே அணைத்துவிட்டாள். அசைவு எச்சரிக்கைக்காகக் கூடுதல் விலை கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம். மருத்துவர்கள் பரிந்துரைப்பது கெட்டியான, தட்டையான, சாய்வில்லாத படுக்கையில் குழந்தையை மல்லாந்து படுக்க வைப்பதைத்தான். தூளியில் கழுத்து மடிந்து மூச்சுக்கு இடைஞ்சல் நேரலாம் என்பதால், யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பாயும் மெத்தையுமே நல்லது. ஆள் விலகியிருக்கும் நேரத்துக்குத்தான் கேமரா என்பதால், தூளிக்கும் கேமராவுக்கும் ஒத்துப்போகாதது ஒரு வகையில் பொருத்தமே.

பாய்க்கு மாறினால் கொசுவலை குறுக்கே வருகிறது. கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய தெருக்களில் குடைவலை இல்லாமல் குழந்தையைப் படுக்க வைப்பவர் எவரும் இல்லை. பகல் வெளிச்சத்தில் வலைக்குள் இருக்கும் குழந்தை நன்றாகவே தெரிகிறது. இருட்டில் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கை ஏற்றும்போது, அந்த ஒளி வெள்ளை வலையில் பட்டுத் திரும்பித் திரை முழுவதையும் பால்நிறமாக்கிவிடுகிறது. கேமராவை வலையை விட்டுத் தள்ளிச் சற்றுச் சாய்வாக வைத்தால் கொஞ்சம் தேறுகிறது. கைக்கு எட்டும் தொலைவில் மட்டும் ஒருபோதும் வைக்கக் கூடாது. கேமராவின் மின்கம்பி கழுத்தைச் சுற்றி இரு குழந்தைகள் இறந்ததை அடுத்து, அமெரிக்காவில் 2011இல் சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களுக்குப் புதிய எச்சரிக்கைச் சீட்டு வழங்க நேர்ந்தது. மூன்றடிக்குக் குறையாத தூரம் என்பது அப்போது வலியுறுத்தப்பட்ட விதி. தவழத் தொடங்கிய குழந்தைக்கு மூன்றடி பெரிய தூரமில்லை என்பதால், கம்பியைச் சுவரோடு சேர்த்து ஆணிக் கிளிப் அடித்துவிடுவது அவசியம்.

ஒலியைப் பொறுத்தவரை தனித்திரைக் கருவிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அமைதியாக இருக்கும்போது திரை அணைந்திருக்கும். சத்தம் கேட்டால் தானே விழித்துக்கொள்ளும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் முதல் சில நாட்களில் திரையை ஓயாமல் எழுப்பியது. உணர்திறனை ஒரு படி குறைத்த பின் அழுகைக்கு மட்டும் விழித்தது. வெப்பநிலை காட்டும் வசதியும் இருக்கிறது. சித்திரை மாதத்துச் சென்னை அறையை அது ஆபத்தாகக் கருதி விடாமல் அலறுவதால், அந்த வரம்பையும் உயர்த்த வேண்டியிருந்தது. பெட்டிக்குள் பதிவுசெய்து வைத்திருக்கும் தாலாட்டு இசையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

வைஃபை கேமராவின் கதை வேறு. படம் தனித்திரையைவிடத் துல்லியமானது, கேமராவின் தலை சுழலும், படம் மெமரி கார்டில் பதிவாகும். ஆனால் கைப்பேசியில் படம் ஓரிரு நொடி தாமதித்தே வருகிறது. இணையம் தடைபட்டால் வருவதே இல்லை. பெரும்பாலான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதால், ரூட்டரில் அந்த அலைவரிசை திறந்திருக்க வேண்டும். ஒரே தளத்தில் வாழும் கொளத்தூர்த் தோழிக்கு வீட்டுக்குள் இது தேவைப்படவே இல்லை. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் தந்த 26 வார விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பியபோதுதான் அவருக்கு இதன் பயன் தெரிந்தது. மதிய இடைவேளையில் குழந்தையைப் பார்க்க முடிந்தது. அதே நேரத்தில், குழந்தையோடு அவருடைய மாமியாரும் படத்தில் விழத் தொடங்கினார். அவர் ஒரு நாள் கேட்டார்: “ஏம்மா, நான் புள்ளயப் பாத்துக்கினு இருக்கேனா, உன் பொட்டி என்னப் பாத்துக்கினு இருக்குதா?” அந்தக் கேள்விக்குச் செயலியில் எந்தப் பொத்தானும் இல்லை. கேமராவைக் குழந்தையின் மெத்தையை மட்டும் பார்க்கும்படி திருப்பி, ஒலியை அணைத்து, எப்போது பார்க்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த பிறகு வீடு அமைதியானது. பார்த்துக்கொள்ள வரும் ஆயாவுக்கும் இதே மரியாதை உரியது. சொல்லாமல் கேமரா வைப்பது முறையன்று.

வெளியாட்கள் நுழையும் அபாயமும் வைஃபை வகைக்கே உரியது. 2013இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு குழந்தையின் அறைக் கேமராவுக்குள் நுழைந்த முன்பின் தெரியாத ஒருவன் அதன் வழியாகவே வசைமொழிகளைக் கத்தியது செய்தியானது. 2016இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. ஆகவே கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவது, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குவது, மென்பொருளைப் புதுப்பிப்பது ஆகிய மூன்றையும் தள்ளிப்போடக் கூடாது. இணையத்தில் இணையும் கண்காணிப்புக் கேமராக்களுக்கு மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பர்மா பஜாரில் பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேமராவைக் கைப்பேசி உறை வாங்குவதுபோல் வாங்கிவிட முடியாது. அதன் படம் எந்த நாட்டுச் சர்வருக்குப் போகிறது என்று கேட்டுச் சொல்ல அங்கே ஆளில்லை.

இவ்விரு வகைகளும் செய்ய முடியாத ஒன்றைச் செய்வதாகப் பெற்றோர் நம்பிவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. கேமரா காட்டுவது படத்தை. குழந்தையின் மூச்சு சீராக இருக்கிறதா என்பதை அந்தப் படத்திலிருந்து நம்பகமாக அறிய முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கும் வீட்டுக் கருவிகளைக்கூடத் திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கும் வழியாகப் பரிந்துரைக்கவில்லை. மாறாக, முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்கிறது. தனி அறைப் பழக்கமுள்ள நாட்டுக்கு அது அறிவுரை. பாய் விரித்துப் பக்கத்தில் படுக்கும் நமக்கு அதில் பாதி ஏற்கெனவே நடைமுறை, தனிப் படுக்கை என்ற மறுபாதியைத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ நோயுற்ற குழந்தைக்கோ கண்காணிப்பு தேவையென்றால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். கடைக்காரரின் பேச்சு அங்கே செல்லாது.

பெற்றோர் இருவருமோ ஒருவரோ காது கேளாதவராக இருந்தால் இந்த மதிப்புரையில் சொன்ன தயக்கங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம். அழுகையை ஒளியாகவும் அதிர்வாகவும் மாற்றித் தரும் மானிட்டர் அவர்களுக்கு இன்றியமையாத துணைக்கருவி. நான் இதுவரை குறை சொன்ன விலை அங்கே ஒரு பொருட்டே இல்லை. திரைக்கு அதிர்வு வசதி உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும், எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இது. ஒரே தளத்து வீடென்றால் எதையும் வாங்க வேண்டாம், கதவைத் திறந்து வைத்தால் போதும். மாடிக்கும் கடைக்கும் ஏறி இறங்கும் வீடென்றால், ஒலியை மட்டும் கடத்தும் கருவியை முதலில் தேடிப் பாருங்கள். பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் மின்வெட்டிலும் நிற்காது, தூளியும் வலையும் அதற்குத் தடையில்லை. அது கிடைக்காவிட்டால், பழைய கைப்பேசியில் ஓர் அழைப்பைப் போட்டு மெத்தைக்கு அப்பால் அலமாரியில் வைக்கலாம். தலையணைக்குக் கீழே, சார்ஜ் ஏறும் நிலையில் மட்டும் வைக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்கள், வாக்குறுதிகளை நம்பாமல், பெயர் தெரிந்த நிறுவனத்தின் வைஃபை கேமராவை வாங்கலாம். குழந்தை வளர்ந்த பிறகு அதே கேமராவைத் தெருவாசலைப் பார்க்கத் திருப்பிவிடலாம். தனித்திரை மானிட்டருக்கு அப்படி ஒரு மறுவாழ்வு கிடையாது. இரட்டைக் குழந்தைகளை மாடியில் தூங்க வைத்துவிட்டுக் கீழே தொழில் செய்பவர் கேட்டால் மட்டுமே அதை வாங்கச் சொல்வேன், அதுவும் திரையின் பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற மாதிரியாக இருந்தால்.