காசிமேட்டுக் கல்லறைக்கு எந்தச் சிலுவை?

அம்மாவுக்குக் கல்லறை கட்டும் பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது. குழி மேடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தலைமாட்டில் எந்தச் சிலுவை என்றதும் ஆளுக்கொரு கருத்து. அம்மா வழி ஆர்.சி. (கத்தோலிக்கர்), அப்பா வழி சி.எஸ்.ஐ. (சீர்திருத்தச் சபை), அதுவும் ஒரு காரணம். கடைசியில் நான்கு வடிவங்கள் நின்றன: சாதாரண லத்தீன் சிலுவை, இயேசுவின் உருவத்தோடு இருக்கும் பாடுபட்ட சுரூபம், வட்டம் வைத்த கெல்டிக் சிலுவை, பரங்கிமலையில் இருக்கும் தோமா சிலுவை. நாங்கள் வைத்தது தோமா சிலுவை. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கீழ்த்தண்டு நீண்ட லத்தீன் சிலுவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். ஆனால் கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே அதை வெளிப்படையாக வைத்துக்கொள்ளவில்லை. ரோமர்களுக்கு அது கொலைக்கருவி. முதல் மூன்று நூற்றாண்டுக் கல்லறைகளில் மீனும் நங்கூரமும்தான் அதிகம். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகுதான் சிலுவை பொது அடையாளமாக எழுந்தது. ஆள் இல்லாத வெறும் சிலுவை, இயேசு உயிர்த்துவிட்டார் என்று சொல்கிறது. சி.எஸ்.ஐ. வீடுகளில் இதையே விரும்புவார்கள்.

இங்கே ஒரு விஷயம். தலைகீழ்ச் சிலுவையைப் பார்த்தால் இப்போதுள்ள பிள்ளைகள் பேய்ப்பட ஞாபகத்தில் பதறுகிறார்கள். அது இராயப்பரின், அதாவது இயேசுவின் சீடர் பேதுருவின் அடையாளம். ஆண்டவரைப் போலவே சாகத் தனக்குத் தகுதியில்லை என்று தலைகீழாக அறையச் சொன்னார் என்பது பழைய மரபு. இராயப்பர் கோயில் இருக்கும் இராயபுரத்துப் பிள்ளைகளாவது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பாடுபட்ட சுரூபம் மனதை அதிகம் உருக்குவது. ஐந்தாம் நூற்றாண்டில் செய்த ரோமின் சாந்தா சபினா ஆலயக் கதவில் இயேசு கண் திறந்து, கை விரித்து நிற்கிறார், வலி தெரியாது. தலை சாய்ந்து, உடல் தொங்கும் உருவம் மேற்கே பிறகு வந்தது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் உள்ள பத்தாம் நூற்றாண்டு கேரோ சிலுவை அதில் பேர்பெற்றது. பெரிய வெள்ளியன்று நாம் முத்தி செய்வது அந்த மரபில் வந்த சுரூபத்தைத்தான். அம்மா ஜெபமாலை சொன்னதும் அப்படி ஒரு சுரூபத்தின் முன்னால்தான். அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வெயிலிலும் மழையிலும் ஆணியோ ஸ்க்ரூவோ துருப்பிடித்து, ஒரு கை மட்டும் கழன்று தொங்கும் சுரூபங்களைப் பார்த்தால் மனசு தாங்காது.

கெல்டிக் சிலுவை அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்தது. அயர்லாந்தின் மொனாஸ்டர்பாய்ஸில் உள்ள மூரெடாக் சிலுவை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், உடம்பெல்லாம் விவிலியக் காட்சிகள். நடுவில் இருக்கும் வட்டத்தைச் சூரியன் என்பார்கள், நித்தியம் என்பார்கள். கல் கைகள் முறியாமல் தாங்கத்தான் அது என்றும் ஒரு கருத்து உண்டு. எனக்குக் கடைசி விளக்கம்தான் பிடித்திருந்தது. ஆனால் அதன் அழகே பின்னல் வேலைப்பாட்டில் இருக்கிறது. தடித்த கல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும், அந்த இடுக்குகளில் மெழுகும் தூசியும் அடையும். நான் அதைச் செய்து பார்க்கவில்லை, கல்தச்சர் சொன்ன கூலியிலேயே விட்டுவிட்டோம்.

இனி கடல் காற்று. காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். தனியாக நிற்கும் சிலுவையைப் பெரும்பாலும் சிமென்டில்தான் வார்க்கிறார்கள், உள்ளே கம்பி. கை மெலிதாக இருப்பதால் கம்பிக்கு மேல் சிமென்ட் ஓர் அங்குலம் இருந்தாலே அதிகம். உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்ப, சிமென்ட் பிளக்கும். பழைய சிலுவைகளின் கைக்கு அடியில் குனிந்து பாருங்கள். கம்பி ஓடும் வழியிலேயே மயிரிழை விரிசல், அதிலிருந்து பழுப்பு ஒழுகிய கறை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி, வெள்ளை அடிப்பார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் காறை பெயரும். கம்பியைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசிப் பயனில்லை. கருங்கல்லிலேயே தனிச்சிலுவை செய்தால் துரு இல்லை, ஆனால் கையில் ஓர் அடி பட்டால் முறிந்துவிடும்.

தோமா சிலுவைக்குத் துருத்தும் கையே கிடையாது. ஒரே பலகைக்கல்லில் புடைப்பாகச் செதுக்கியது. 1547இல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. இன்று அங்கே மாதா கோயிலின் பீடத்துக்கு மேல் பதித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. சுற்றி பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. இத்தனை காலம் மண்ணில் கிடந்தும் வடிவம் புரிகிறது. எங்கள் தேர்வைத் தீர்த்துவைத்தது இதுதான்.

வடிவமும் மனதுக்கு நெருக்கமானது. கை நுனிகளில் மொட்டு, கீழே தாமரை போல விரியும் இதழ்கள், மேலே இறங்கி வரும் புறா. செத்த மரம் துளிர்த்தது என்று நான் அதைப் படிக்கிறேன். ஆள் இல்லாத சிலுவை என்பதால் அப்பா வழிக்காரர்களுக்குத் தடையில்லை. தோமையார் மலை என்கிற பரங்கிமலையிலிருந்து வந்தது என்பதால் அம்மா வழிக்காரர்களுக்கும் திருப்தி. பெரியம்மா மட்டும், "ஏம்ப்பா, இது மலையாளத்தாருங்க சிலுவையாச்சே?" என்றார். கோட்டயத்திலும் இதே வகை இருக்கிறது, உண்மைதான். கேரளத்தில் சீரோ மலபார் என்ற கத்தோலிக்கச் சபைக்குள்ளேயே பீடத்தில் இதை வைப்பதா, பாடுபட்ட சுரூபத்தை வைப்பதா என்று சண்டை நடந்ததும் உண்மை. ஆனால் பரங்கிமலை நம் ஊர் மலை, பெரியம்மா நடந்தே ஏறிய மலை. அதைச் சொன்னதும் சரி என்றார்.

எங்கள் கல் இன்னும் ஒரு பெரிய புயலைப் பார்க்கவில்லை, அதனால் ஐம்பது வருடம் நிற்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இதுவரை தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதோடு வேலை முடிகிறது. செய்யப்போகிறவர்கள் கல்தச்சரிடம் இரண்டை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஷினில் மேலோட்டமாகக் கீறாமல், சிலுவை விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் புடைப்பாக வர வேண்டும். கல்லின் மேல் விளிம்பைப் பின்பக்கமாகச் சரித்து வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் முகத்தில் வழியாமல் பின்னால் ஓடிவிடும். மெழுகுவர்த்திக்குக் கல்லை விட்டு ஓர் அடி தள்ளி ஒரு மாடம் கட்டிவிட்டால் இதழ்களில் கரி படியாது.