வெளித் தரக்கட்டுப்பாடு: கொழும்புத் திட்டமா, கம்பனித் திட்டமா, பக்கத்து லேபா?

காலையில் கல்முனையில் பார்த்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 68,000. பின்னேரம் மட்டக்களப்பில் பார்த்தால் 42,000. இரண்டு தாளையும் டொக்டரின் மேசையில் வைத்து "எது சரி?" என்று கேட்கிற ஆட்கள் டெங்குக் காலத்தில் எங்கள் பக்கம் நிறைய. (அந்தச் சில மணி நேரத்தில் எண்ணிக்கை உண்மையாகவே இறங்கியிருக்கவும் கூடும். அதுதான் பெரிய சிக்கல்.) இரண்டு லேப்காரர்களும் அன்றைக்குக் கொன்ட்ரோல் (அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரி) ஓட்டித்தான் இருப்பார்கள். ஆனால் உள்ளே ஓட்டும் கொன்ட்ரோல், நேற்று ஓடியதுபோலவே மெஷின் இன்றும் ஓடுகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். மற்ற லேப்களோடு ஒத்துப்போகிறோமா என்று பார்க்க, ஒரே இரத்த மாதிரியைப் பல இடங்களில் சோதித்து விடைகளை ஒப்பிட வேண்டும். இதுதான் வெளித் தரக்கட்டுப்பாடு. 1940களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் ஆஸ்பத்திரிகளுக்கு அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். விடைகள் தாறுமாறாக வந்தன. அதற்குப் பிறகுதான் இது வழக்கமானது.

இங்கே ஒரு நடுத்தர லேபுக்கு மூன்று வழி இருக்கிறது: கொழும்பு, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்.ஆர்.ஐ.) தேசியத் திட்டம்; ரன்டொக்ஸ் கம்பனியின் ரிகாஸ், பயோ-ராட் கம்பனியின் ஈகாஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பனித் திட்டங்கள்; பக்கத்து லேப்களோடு மாதிரி மாற்றிக்கொள்வது.

முதல் இரண்டையும் ஒப்பிடும்போது எல்லாரும் காசைத்தான் முதலில் பேசுவார்கள். அதுவும் நியாயம். கம்பனித் திட்டத்தின் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தோடு கட்டுண்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது அது எப்படிக் கடித்தது என்று கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் யாரோடு நம்மை ஒப்பிடுகிறார்கள் என்பதுதான். ஒரே மெஷின், ஒரே ரீஏஜன்ட் (சோதனைக்கான இரசாயனம்) பாவிக்கிறவர்களின் சராசரியோடுதான் உங்கள் விடையை வைத்துப் பார்ப்பார்கள். சராசரி 126, நியம விலகல் (விடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 3.5, நீங்கள் கொடுத்த குளுக்கோஸ் 134 என்றால், வித்தியாசம் 8, 3.5ஆல் பிரித்தால் 2.29. இரண்டுக்குள் இருந்தால் சரி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எச்சரிக்கை, மூன்றைத் தாண்டினால் பிழை.

உங்களிடம் பெயர்போன பெரிய மெஷின் இருந்தால் கம்பனித் திட்டத்தில் உலகமெங்கும் கூட்டாளிகள் கிடைப்பார்கள். அந்தச் சராசரி அசையாது. மலிவான செமி ஓட்டோ மெஷினில், கொழும்பு ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கும் கிட்டை ஓட்டுகிறவரின் கதை வேறு. அங்கே அவருக்குக் கூட்டாளிகள் நாலைந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். அதே ஏஜென்டிடம் வாங்குகிற லேப்கள் தேசியத் திட்டத்தில்தான் அதிகம் இருக்கும். ஆகவே "வெளிநாட்டுத் திட்டம் என்றால் திறம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டாம். சேரமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் மெஷின், என் கிட் பாவிக்கிறவர்கள் எத்தனை பேர்?

அறிக்கை வரும் வேகத்தில் கம்பனித் திட்டங்கள்தான் முன்னுக்கு. விடை அனுப்பும் கடைசித் திகதி கழிந்து சில நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும். எந்தத் திட்டமென்றாலும் அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தால், அந்த லொட் ரீஏஜன்ட் முடிந்து போத்தலும் குப்பைக்குப் போயிருக்கும். பிறகு எதைத் தேடிப் பிடிப்பது?

இரண்டு திட்டத்துக்கும் பொதுவான ஒரு பொறி அந்தச் சின்னப் போத்தலில் இருக்கிறது. உள்ளே உலர்ந்த சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி). மூடியைச் சட்டென்று இழுத்தால் தூள் பறக்கும். 5 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரை நல்ல பிப்பெட்டால் விட வேண்டும். குலுக்கி நுரைக்க விடாமல் மெதுவாகச் சுழற்றி, வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் போல வைக்க வேண்டும். 4.8 விட்டால் எல்லாமே நாலு வீதம் கூடிவிடும். அறிக்கையில் யூரியா, கொலஸ்டரோல், கல்சியம் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் மெஷினைத் திட்டமுன் பிப்பெட்டைப் பாருங்கள். பிலிரூபின் மட்டும் குறைந்திருந்தால் யன்னலோரம் வைத்தீர்களா என்று யோசியுங்கள்.

சரி, மூன்றாவது வழி. மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை எல்லாம் ஒரே ரோட்டில், நாற்பது கிலோமீற்றருக்குள். ஒரு ஊதா மூடிக் குழாயின் இரத்தத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பினால் அன்றைக்கே விடை தெரியும். திட்டங்களில் வருவது பதப்படுத்திய இரத்தம். அதில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதில்லை. மெஷின் பிளேட்லெட் என்று பிழையாக எண்ணக்கூடிய சிவப்பணுத் துண்டுகளும் நம் நோயாளியின் குழாயில்தான் வரும். கொன்ட்ரோல் இரத்தத்தில் நூற்றுக்கு நூறு எடுத்த மெஷின் டெங்கு நோயாளியின் இரத்தத்தில் தடுமாறுவது இதனால்தான். நோயாளியிடம் அன்றைக்கு எடுத்த இரத்தத்தை லேப்களுக்குள் மாற்றிப் பார்த்து, கூடவே ஸ்லைட் போட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால்தான் அது பிடிபடும்.

குறையும் உண்டு. இரண்டு லேப் வேறுபட்டால் யார் பிழை என்று தெரியாது. மூன்று பேராவது வேண்டும். திட்டத்தில் நீங்கள் ஒரு கோட் நம்பர்; இங்கே முகம் தெரிந்த ஆட்கள், ரோஷம் வரும். குளுக்கோஸுக்கு முழு இரத்தத்தை மத்தியானப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். சீரம் பிரிக்காத இரத்தத்தில் அது மணிக்கு 5 முதல் 7 வீதம் குறையும். வெக்கையில் இன்னும் வேகமாக. ஐ.எஸ்.ஓ. 15189 (மருத்துவ லேப்களுக்கான சர்வதேசத் தர நியமம்) சான்று எடுக்க நினைப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. முறையான திட்டம் இல்லாத சோதனைகளுக்குத்தான் இதை மாற்றாக ஏற்பார்கள்.

என் தெரிவு: உயிர் இரசாயனத்துக்கு (குளுக்கோஸ், கொலஸ்டரோல் போன்ற சோதனைகள்) தேசியத் திட்டம், மெஷினும் காசும் ஒத்துவந்தால் கம்பனித் திட்டம். குருதிக் கல எண்ணிக்கைக்கு எது எடுத்தாலும் அதோடு பக்கத்து லேப் மாற்றம், அதுவும் வடகீழ்ப் பருவமழை தொடங்கமுன், ஒக்டோபரிலேயே. விடை அனுப்பமுன் மட்டும் அந்தப் பக்கத்து லேபுக்கு கோல் எடுத்து "உங்களுக்கு எத்தனை வந்தது?" என்று கேட்காதீர்கள். திட்டத்து மாதிரியை மூன்று தரம் ஓட்டி நல்லதைப் பொறுக்கவும் வேண்டாம். நோயாளியின் குழாய்களுக்கு நடுவே வைத்து, அன்று டியூட்டியில் நிற்பவரே ஒரு தரம் ஓட்டட்டும்.