ஷெஹெஹியானுவா, ஹாத்தோவ் வெஹாமெய்த்தீவா?

நல்லது நடந்தால் யூதர்கள் சொல்லும் நன்றி மொழிகளில் இரண்டு இவை. ஷெஹெஹியானு தனக்குக் கிடைத்ததற்கு: புதுச் சட்டை போடும்போது, பருவத்தின் முதல் மாதுளையைக் கடிப்பதற்கு முன்னால், இந்த நாள்வரை வாழவைத்த இறைவனைப் புகழ்வது.

ஹாத்தோவ் வெஹாமெய்த்தீவ் ('நல்லவர், நன்மை செய்பவர்' என்று இறைவனைப் புகழ்வது) சொல்ல வேண்டுமென்றால் அந்த நன்மையில் இன்னொருவருக்கும் பங்கு இருக்க வேண்டும். மழை பெய்கிறது, நிலம் உனக்கு மட்டும் சொந்தமென்றால் முதலாவது, கூட்டாளியும் உண்டென்றால் இரண்டாவது என்கிறது யூதர்களின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத். விருந்தில் ஒரு ஒயினைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் குறையாத வேறொரு ஒயின் வந்தால் இதைத்தான் சொல்வார்கள், ஆனால் தனியாக உட்கார்ந்து குடிப்பவருக்கு இது கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான், பக்கத்தில் இருப்பவரின் கோப்பையும் நிறைந்தால்தானே அது முழு சந்தோஷம்!

அப்புறம், இது சந்தோஷத்துக்கு மட்டுமானதும் இல்லை. பொ.ஆ. 135இல் ரோமர்களிடம் யூதக் கிளர்ச்சியாளர்களின் கோட்டையான பெய்த்தார் வீழ்ந்தது. அங்கே இறந்தவர்களைப் புதைக்க ஒருவழியாக அனுமதி கிடைத்த நாளில், யவ்னே ஊரின் யூத அறிஞர்கள் இதே புகழ்ச்சியை உணவுக்குப் பிந்தைய ஜெபத்தில் சேர்த்தார்கள் என்று தல்மூத் சொல்கிறது. இன்றும் ரொட்டி சாப்பிட்டு முடித்ததும், தனியாகச் சாப்பிட்டவர்கூட, அதைச் சொல்கிறார்.