பியானோ ஆசிரியர் தேடுகிறீர்களா? வீட்டுப்பாட நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

பியானோ வகுப்பு வாரத்துக்கு அரை மணி நேரம். மீதி ஆறு நாளும் பிள்ளை வீட்டில்தான் வாசிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆசிரியர் தேடும் பெற்றோர் அந்த அரை மணி நேரத்தைத்தான் எடைபோடுகிறார்கள்: என்ன பட்டயம், என்ன கட்டணம், எத்தனை பேரை எட்டாம் கிரேட் (பியானோ தேர்வுகளில் கடைசிப் படி) வரை கொண்டுபோனார். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய பிறகு பார்த்தால், தொடர்ந்து வாசிக்கும் பிள்ளைக்கும் பாதியில் விட்ட பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆறு நாளில்தான் இருக்கும்.

முதலில் தேடும் இடம். இசைப்பள்ளியில் நேரம் நிலையாக இருக்கும். ஆசிரியர் விடுப்பெடுத்தால் மாற்று ஆள் வருவார். பதிவுக் கட்டணம், புத்தகக் கட்டணம் என்று தனியாகச் சேரும். பெரிய குறை, ஆசிரியர் வேலையை விட்டுப் போவது. ஆண்டு நடுவில் புது ஆள் வந்து கையை வைக்கும் விதத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். தனி ஆசிரியர் வீட்டுக்குப் பிள்ளை போவது இரண்டாவது வழி. அங்கே நல்ல பியானோ இருக்கும், தங்கச்சி குறுக்கே ஓடமாட்டாள். மூன்றாவது, ஆசிரியர் நம் வீட்டுக்கு வருவது. இதற்குக் கட்டணம் கூடுதல். ஆனால் பிள்ளை தினமும் உட்காரும் நாற்காலியையும் வாசிக்கும் கருவியையும் அவர் நேரில் பார்க்கிறார். முதல் ஆறு மாதத்துக்கு இந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

முகவர்கள் வழியாகவும் கிடைப்பார்கள்; அவர்கள் ஆசிரியரின் முதல் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். அதைவிடப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் கேட்பது மேல். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் எந்த வீட்டிலிருந்து பியானோ ஒழுங்காகக் கேட்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டி "யாரிடம் கற்கிறீர்கள்?" என்று கேட்கலாம். இதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

தொடக்க நிலைக்கு, மாதம் நான்கு அரை மணி வகுப்புக்குத் தனி ஆசிரியர்கள் ஏறத்தாழ 140 முதல் 220 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கிறார்கள். அனுபவமும் பட்டயமும் கூடக் கூட இதற்கு மேலும் போகும். தொகையைவிட விதிகளில்தான் மனக்கசப்பு வருகிறது. ஐந்து வாரம் வரும் மாதத்துக்கு ஐந்தாம் வகுப்பு உண்டா? 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் மாற்று வகுப்பு கிடைக்குமா? ஜூன், டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனால் இடத்தைப் பிடித்துவைக்கக் கட்டணம் உண்டா? முதல் கட்டணத்தைப் பேநவில் அனுப்பும் முன் ஒரே செய்தியில் கேட்டுவிடலாம்: "டீச்சர், வகுப்பு நாள் தீபாவளியிலோ சீனப் புத்தாண்டிலோ விழுந்தால் மாற்றித் தருவீர்களா, கட்டணத்தில் கழிப்பீர்களா?" பதில் எழுத்தில் இருந்தால் நவம்பரில் சண்டை இல்லை.

பட்டயம் பற்றி ஒரு சொல். எட்டாம் கிரேட் என்பது வாசிப்புத் தேர்வு. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அதில் இல்லை. அதற்கு மேல், பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற தேர்வு அமைப்புகளின் டிப்-ஏபிஆர்எஸ்எம், ஏடிசிஎல், எல்டிசிஎல் போன்ற பட்டயங்கள் ஆசிரியரிடம் இருக்கலாம். அவற்றிலும் மேடை வாசிப்புக்கு வாங்கியது வேறு, கற்பித்தலுக்கு வாங்கியது வேறு. எது என்று கேட்பதில் தப்பில்லை. நன்யாங் நுண்கலைக் கழகத்திலோ யோங் சியூ தோ இசைக் கல்லூரியிலோ படித்த ஆசிரியர்களும் வீட்டில் கற்றுத்தருகிறார்கள். அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

முன்னோட்ட வகுப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் ஆசிரியர் பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்கிறாரா? பிள்ளையின் கால் தொங்கினால் கீழே ஒரு முக்காலி வைக்கிறாரா? கட்டைகளின் (விரலால் அழுத்தும் விசைகளின்) மேல் எழுத்து ஒட்டுகிறாரா? ஒட்டினால் பிள்ளை ஸ்டிக்கரைப் படிக்குமே தவிர சுரத்தைப் படிக்காது.

தொடக்கப் புத்தகங்களின் முறையும் கேட்க வேண்டியது. ஒரு வகையில் இரண்டு கட்டைவிரலும் விசைப்பலகையின் நடுவிலுள்ள 'சி' கட்டையில் தொடங்கி வெளியே விரியும். இன்னொன்றில் ஐந்து விரலையும் ஐந்து கட்டையில் வைத்து, அந்த இடத்தை ஒவ்வொரு சுருதிக்கும் மாற்றுவார்கள். மூன்றாவதில் சில சுரங்களை மட்டும் அடையாளக் கல்லாக வைத்து, அங்கிருந்து எத்தனை படி மேலே, எத்தனை படி கீழே என்று எண்ணிப் படிப்பார்கள். மூன்றும் வேலை செய்யும். முதல் இரண்டிலும் ஒரே ஆபத்து: சுரத்துக்கு மேலே 1 முதல் 5 வரை அச்சடித்திருக்கும் விரல் எண்ணைப் பார்த்தே பிள்ளை வாசித்துவிடும். சோதிப்பது எளிது. மூன்றாம் மாதத்தில் விரல் எண்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். ஓராண்டு கழித்துச் சொன்னால் திருத்த இன்னோர் ஆண்டு பிடிக்கும்.

இனி நோட்டு. முன்னோட்ட வகுப்பின் முடிவில், வேறொரு மாணவருக்கு எழுதிய வீட்டுப்பாடம் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். "பக்கம் 14, 15. ஸ்கேல் பயிற்சி" (சுர வரிசைப் பயிற்சி) என்று மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளை வீட்டில் பக்கம் 14ஐ மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை ஓட்டிவிட்டு எழுந்துவிடும். நல்ல நோட்டு இப்படி இருக்கும்: "பக்கம் 14, ஐந்தாம் பாரிலிருந்து எட்டாம் பார் வரை மட்டும். இடது கை தனியாக மூன்று முறை, மெட்ரோனோம் 60. நாலாம் விரல் வரும் இடத்தில் கை சாய்கிறது, அங்கே நின்று பார். இரண்டு கையையும் வியாழனுக்கு முன் சேர்க்காதே." பார் என்பது இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள ஒரு தாளக் கட்டம்; மெட்ரோனோம் 60 என்றால் தாளக் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டு. பியானோ தெரியாத அம்மாவோ தாத்தாவோ இதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 75 நிமிடம். வகுப்பைப் போல இரண்டரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 75 நிமிடம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது, விரல் அப்படிப் பழகாது.

கருவியைப் பற்றி

"பிடித்தால் பிறகு நல்லது வாங்கலாம், இப்போதைக்கு 61 கட்டை கீபோர்டு போதும்" என்பதுதான் அதிகம் செலவு வைக்கும் சிக்கனம். முதல் புத்தகத்துக்கு 61 கட்டை எண்ணிக்கையில் போதும். பிரச்சினை எடை. கீபோர்டின் கட்டைக்கு அடியில் சுத்தியல் இல்லை, பாரமும் இல்லை. மெதுவாக அழுத்துவதற்கும் பலமாக அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை விரல் சரியாகக் கற்காது. ஆசிரியர் வீட்டு நிஜப் பியானோவில் அதே பாட்டு வரும்போது சில சுரம் ஒலிக்காமலே போகலாம். குறைந்தது 88 கட்டை, சுத்தியல் எடை உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். ரோலண்ட் எஃப்பி-10, யமஹா பி-145, கவாய் இஎஸ்120 போன்றவை இந்த வரிசையில் வருகின்றன. கேரௌசல் விற்பனைத் தளத்தில் பழையது வாங்கினால் 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒரே பலத்தில் அழுத்திப் பாருங்கள். நடு இரண்டு எட்டுச்சுர வரிசையில் ஏதாவது ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்க ஒலித்தால், அதன் அடியிலுள்ள உணரி தேய்ந்திருக்கலாம்.

எக்ஸ் வடிவ மடக்கு ஸ்டாண்டு ஆடும். பிள்ளை பலமாக வாசிக்கப் பயப்படும். மரச் சட்டம் வாங்குங்கள். கருவியோடு வரும் சிறிய சதுரப் பெடல் தரையில் வழுக்கும். பியானோ பெடல் வடிவில் இருப்பதைத் தனியாக வாங்கலாம். நாற்காலியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 72 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் முழங்கை கட்டைக்குக் கீழே தொங்கும், மணிக்கட்டு மேலே மடியும். உயரம் மாற்றும் பெஞ்சு ஒன்று வாங்கி, முழங்கை கட்டைக்கு நேராக வரும்வரை ஏற்றி, காலுக்கு முக்காலி போட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

காதொலிப்பான் மாட்டினால் கீழ்வீட்டுக்குக் கேட்காது என்று நினைப்பது தவறு. பாட்டு கேட்காது, ஆனால் கட்டை அடியில் முட்டும் "டொக் டொக்" ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை என்றிருந்தது. அண்டைவீட்டுச் சத்தம் தொடர்பான சமூக ஆலோசனைக் குழு 2022இல் அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டப் பரிந்துரைத்தது. பயிற்சியை இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் சிக்கல் வராது.

நிஜ அப்ரைட் (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும்) பியானோ வாங்குகிறவர்கள் ஈரப்பதத்தோடு வாழத் தயாராக வேண்டும். யமஹா யூ1 மாதிரி ஒன்று 121 செ.மீ. உயரம், ஏறத்தாழ 230 கிலோ. உள்ளே சுமார் 230 கம்பி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. கட்டை நகரும் இடத்திலுள்ள கம்பளித் துணி உப்பினால், அழுத்திய கட்டை மேலே வராது. அதற்காகத்தான் கீழ்ப்பலகைக்குள் சூடேற்றும் குழாய் ஒன்றை மாட்டி எப்போதும் ஓடவிடுகிறார்கள். இரவில் ஏர்கான், பகலில் புழுக்கம் என்று தினமும் மாறும் படுக்கையறை பியானோவுக்கு ஆகாது. ஒலிப்பலகை விரிந்து சுருங்கும், சுருதி இறங்கி ஏறும். ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும். நான்கைந்து ஆண்டு தொடாமல் விட்ட பியானோவை ஒரே தடவையில் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் நிற்காது. சில வாரத்தில் மறுபடி ஆள் கூப்பிட வேண்டும். பழைய பியானோவை "விலையில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தூக்கிவரும் கூலியும் இரண்டு முறை சுருதியும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கர்நாடக சங்கீதமும் கற்கும் பிள்ளைக்கு

நம் வீடுகளில் இது சாதாரணம்: சனிக்கிழமை காலை பாட்டு, புதன்கிழமை பியானோ. இரண்டும் உதவும், ஆனால் மோதும் இடங்கள் உண்டு. "ஐந்து கட்டை சுருதி" என்று பாட்டு டீச்சர் சொல்வது பியானோவின் 'ஜி'. ஒரு கட்டை 'சி', இரண்டு கட்டை 'டி'. நடுவில் வரும் கருப்புக் கட்டை ஒன்றரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்புக் கட்டையே இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை. இதைப் பிள்ளையிடம் ஒருமுறை காட்டினால் விசைப்பலகை பத்து நிமிடத்தில் மனதில் நிற்கும்.

சிக்கல் வரிசையில் தொடங்குகிறது. பாட்டின் முதல் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில். பியானோவின் முதல் ஸ்கேல் 'சி மேஜர்', அதாவது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். 'சி'யை சா என்று வைத்து ரி பாடிப் பழகிய காதுக்கு, பக்கத்து வெள்ளைக் கட்டை அபசுரமாகக் கேட்கும். மாயாமாளவகௌளையின் ரி ஒன்றரைக் கட்டையில் இருக்கிறது. பிள்ளை "டீச்சர், பியானோ தப்பா இருக்கு" என்று சொன்னால் அதன் காது சரியாக இருக்கிறது என்று பொருள். டோ-ரே-மி பாடும் சில இசைப்பள்ளிகளில் டோ என்றால் எப்போதும் 'சி'தான். நம் சா எங்கே வேண்டுமானாலும் நகரும். இதை முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் அவர் குழப்பத்தைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பியானோவில் தேட வேண்டாம். கட்டைக்கு நடுவில் சுரம் இல்லை. தாளத்தில் மட்டும் லாபம் தெளிவானது: ஆதி தாளம் தட்டிய கை, நான்கு எண்ணிக்கைப் பாரை இரண்டு இரண்டாக எளிதில் பிடித்துக்கொள்ளும்.

தேர்வு

ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப் பயிற்சிக்கு 18. தேர்ச்சிக்கு 100. மூன்று பாட்டிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 90தான் வரும். ஆண்டு முழுவதும் அந்த மூன்று பாட்டையே தேய்க்கும் வகுப்பின் பலன் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அப்படி மூன்றாம் கிரேட் வரை வந்த பிள்ளையிடம் முதல் கிரேட் அளவில் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. ஸ்கேல் வேண்டாம் என்பவர்களுக்கு, நான்கு பாட்டைப் பதிவுசெய்து அனுப்பும் பெர்ஃபாமன்ஸ் கிரேட் 2020 முதல் இருக்கிறது. அங்கும் ஐந்தாம் கிரேடுக்கு மேல் போகத் தியரி (இசைக் கோட்பாடு) முதலான முன்தேர்வு ஒன்று முடித்திருக்க வேண்டும். டிரினிட்டி தேர்வில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: தேர்வுக்கு வெளியே ஓராண்டில் எத்தனை பாட்டு? பத்துக்குக் குறைந்தால் யோசியுங்கள். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆண்டில் பியானோ தேர்வைத் தள்ளிப்போடுங்கள். வகுப்பை நிறுத்தாமல் பாட்டை மட்டும் குறைத்தால் பிறகு திரும்பி வருவது எளிது.

ஆசிரியரை மாற்ற வேண்டியும் வரலாம். நோட்டில் மூன்று மாதமாக ஒரே பக்க எண், பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சி நடக்கவே இல்லை, வகுப்பு நேரத்தில் ஆசிரியர் கைப்பேசியில் இருக்கிறார்: இவற்றில் இரண்டு இருந்தால் போதும். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுங்கள். போகும்போது வாசித்த ஸ்கேல்களின் பட்டியல், முடித்த பக்கம், தேர்வு முடிவுத் தாள் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆசிரியர் பெரும்பாலும் ஒரு புத்தகம் பின்னால் போவார். பிள்ளை "இது எனக்குத் தெரியும்" என்று முகம் சுளிக்கும். இரண்டு மாதம் விட்டுக்கொடுங்கள்; அந்த நேரத்தில் அவர் திருத்துவது பாட்டை இல்லை, கையை.